டாக்டருக்குப் பட்டம், வக்கீலுக்குப் பேர்

வாசகர் கேள்வி – பதில்

சட்டமா, மருத்துவமா, ஊர் உலகத்தில் எதற்கு மதிப்பு அதிகம் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நீண்ட காலம் தொழில் செய்துவரும் ஒரு வழக்கறிஞரும் ஓர் அரசு மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

மகள் நீட் எழுதியிருக்கிறாள். வந்திருக்கும் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. அவளோ, "சட்டம்தான் படிப்பேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "கைக்கு வந்த டாக்டர் சீட்டை விட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டு மாட்டப் போகிறாளா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். உண்மையிலேயே டாக்டருக்குத்தான் மதிப்பு அதிகமா?
– ஒரு தாய், விருதுநகர்

ஆமாம், அம்மா. இன்றைய தமிழ்நாட்டில், படிப்பை முடித்து வெளியே வரும் 23 வயதில், டாக்டருக்குத்தான் மதிப்பு. ஆனால் அது ஏன் என்று தெரிந்துகொண்டால், எந்த வயதுவரை அப்படி என்பதும் புரிந்துவிடும்.

முதல் காரணம் வாசல். நீட் தேர்வை ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். உள்ளே போனதே சாதனை என்பதால், பட்டம் வாங்கிய அன்றைக்கே மதிப்பும் வந்துவிடுகிறது. சட்டக் கல்லூரியின் வாசல் அகலம். குறைந்தபட்ச மதிப்பெண்ணோடு எந்தப் பட்டம் பெற்றவரும் பிறகு மூன்று ஆண்டுச் சட்டம் படிக்கலாம். அதனால் பி.எல். முடித்தவர் என்று சொன்னால் ஊர் அசைவதில்லை, "யாரிடம் ஜூனியர்? எந்தக் கோர்ட்டில்?" என்ற அடுத்த கேள்வி வருகிறது. டாக்டரின் மதிப்பு பட்டத்தில் இருக்கிறது. வக்கீலின் மதிப்பு பேரில் இருக்கிறது, பேர் எடுக்கப் பத்து வருடமாவது ஆகும்.

இரண்டாவது காரணம், மனிதர்கள் இந்த இருவரையும் சந்திக்கும் நேரம். காய்ச்சலோடு போனவர் நான்கு நாளில் நன்றியோடு திரும்புகிறார். சொத்துத் தகராறோடு போனவர் ஏழெட்டு வருடம் வாய்தாவுக்கு அலைகிறார். தாமதத்தில் பாதி கோர்ட்டின் சுமையால் வருவது. ஆனால் கட்சிக்காரர் கண்ணில் படுவது வக்கீலின் முகம்தான். இன்னொன்று, மருத்துவத்தில் எதிர்க்கட்சி நோய். சட்டத்தில் எதிர்க்கட்சி ஒரு மனிதர். ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே ஆகவேண்டும். தோற்றவர் இரண்டு வக்கீல்களையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போவார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1947-இல் தொழில்களுக்கு மக்கள் தரும் மதிப்பை 100-க்கு எண் போட்டுக் கணக்கெடுத்தார்கள். மருத்துவருக்கு 93, வழக்கறிஞருக்கு 86. ஆனால் பட்டியலின் உச்சியில், 96 வாங்கி நின்றவர் மருத்துவர் அல்ல, உச்ச நீதிமன்ற நீதிபதி. 1963-இல் மறுபடி எடுத்தபோதும் வரிசை மாறவில்லை: 94, 93, 89. சட்டம் படித்தவர் டாக்டருக்குக் கீழேயும் நிற்கலாம், மேலேயும் நிற்கலாம். டாக்டர்களுக்குள் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. சொந்தக்காரர்கள் கேட்பது "சராசரி வக்கீலா, சராசரி டாக்டரா?" என்பது. உங்கள் மகள் கேட்க வேண்டியது "நான் அந்த ஏணியில் ஏறும் ஆளா?" என்பது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கலந்தாய்வுக்கு முன் ஐந்து வேலை நாள், காலை 10.30 மணிக்கு உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் போய்ப் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். குடும்ப வழக்கு, போக்சோ போன்றவை தவிர மற்ற விசாரணைகள் பொதுமக்கள் பார்க்கத் திறந்தவைதான், யாரிடமும் சிபாரிசு வேண்டாம். குறுக்கு விசாரணை நடக்கும் ஒரு வழக்கையாவது அவள் முழுதாகக் கேட்க வேண்டும். அதேபோல் ஒரு நாள் அரசு மருத்துவமனையில் புறநோயாளி வரிசையைப் பார்க்கட்டும். சினிமாவில் பார்த்த கோர்ட்டுக்கும் நிஜக் கோர்ட்டுக்கும் உள்ள தூரம் தெரிந்த பிறகும் அவள் "சட்டம்" என்றால், அது பிடிவாதம் அல்ல, நாட்டம்.

ஒரு எச்சரிக்கை. எம்.பி.பி.எஸ். முடித்தவர் பிறகு சட்டம் படிக்க முடியும். சட்டம் முடித்தவர் மருத்துவத்துக்கு வர மறுபடி நீட் எழுத வேண்டும். இந்த ஒரு வழிப் பாதையைச் சொல்லி அவளை மருத்துவத்தில் தள்ளிவிடாதீர்கள். சேர்ந்துவிட்டு நடுவில் விலகினால் அபராதம் கட்ட நேரும் (தொகையைக் கலந்தாய்வு விளக்கக் கையேட்டில் பாருங்கள்). அதைவிட, அந்த இடம் வேறு ஒரு பிள்ளைக்கும் இல்லாமல் போகும்.

என் தாத்தா காலத்தில் ஊரில் வக்கீல் வீடுதான் பெரிய வீடு. டாக்டரை அவ்வளவு பெரிதாக யாரும் பேசியதில்லை என்று பாட்டி சொல்வார். எப்போது, எதனால் தலைகீழானது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பாட்டி சொன்னது சரிதான், ஐயா. சென்னை மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1835. சட்டக் கல்லூரி வந்தது 1891-இல்தான். மருத்துவக் கல்விக்கு அரை நூற்றாண்டு மூப்பு இருந்தும், மதிப்பு வக்கீல்களிடம்தான் குவிந்தது.

அன்றைக்கு மருத்துவத் துறையின் உயர் பதவிகள் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் வெள்ளையர்களிடம் இருந்தன. நம்மவர்களில் பெரும்பாலோர் எல்.எம்.பி. (எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழான மருத்துவப் படிப்பு) படித்து சப்-அசிஸ்டன்ட் சர்ஜனாகக் குறைந்த சம்பளத்தில் அரசாங்கத்துக்கு அடங்கி வேலை பார்த்தார்கள். கையில் இருந்த மருந்தும் கம்மி. பெனிசிலின் வருவதற்கு முன், நிமோனியாவுக்கு டாக்டர் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாமே ஒழிய, பல நேரம் ஒன்றும் செய்ய முடியாது. வக்கீலுக்கோ மேலதிகாரி இல்லை. வெள்ளைக்கார நீதிபதியின் முன் நின்று அவர் மொழியிலேயே எதிர்வாதம் செய்யும் உரிமை இருந்தது. 1870-களின் இறுதியில் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி நாற்காலியில் அமர்ந்தது, ஓர் இந்தியன் எட்டக்கூடிய உயரம் இது என்று காட்டிய நிகழ்ச்சி. ஜமீன் வாரிசு வழக்குகள் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயின. கட்டணமும் அப்படியே.

சுதந்திரப் போராட்டம் அந்த மதிப்புக்கு வேறொரு நிறம் கொடுத்தது. வ.உ.சி. பிளீடர். தண்டனை பெற்றதும் அவருடைய சன்னது (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) பறிக்கப்பட்டது. பிற்பாடு அதைத் திரும்பக் கிடைக்கச் செய்த வாலஸ் என்ற நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ராஜாஜி சேலத்தில் நன்றாக ஓடிய தொழிலைத் துறந்தார். விடுவதற்குச் சொந்தத் தொழில் இருந்தது என்பதே வக்கீல்களுக்குக் கிடைத்த பெரிய வசதி, அரசுச் சம்பளத்தில் இருந்த டாக்டருக்கு அது எளிதல்ல. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது: 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது நீதிக்கட்சி, உருவானபோது முன்னால் நின்ற மூவரில் டி.எம். நாயரும் சி. நடேசனாரும் டாக்டர்கள்.

திருப்பம் 1940-களில் வருகிறது. பெனிசிலினும் அதற்குப் பின் வந்த மருந்துகளும் டாக்டர் கையில் நிஜமான சக்தியைக் கொடுத்தன. 1946-இல் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு எல்.எம்.பி. போன்ற கீழ்ப்படிப்புகளை நிறுத்தி, டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் என்று ஆக்கப் பரிந்துரைத்தது. அதே சமயம் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1949-இல் பிரிவி கவுன்சில் மேல்முறையீடு நின்றதும் பெரிய வழக்குகளின் ஊற்றுக்கண்ணை அடைத்தன. பிறகு சட்டக் கல்லூரிகள் பெருகின, சேருவது எளிதானது. 2008 நவம்பரில் சென்னைச் சட்டக் கல்லூரி மாணவர் மோதலையும், 2009 பிப்ரவரி 19 அன்று உயர் நீதிமன்ற வளாகத்தில் நடந்த போலீஸ்–வக்கீல் மோதலையும் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்தக் காட்சிகளின் சுமையை, அவற்றில் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான வக்கீல்களும் இன்றுவரை சுமக்கிறார்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் பெண்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்கள் சேர்ந்தார்கள், முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் பட்டம் பெற்றார். வக்கீல் தொழிலில் பெண்களுக்கு இருந்த தடை சட்டப்படி நீங்கியதே 1923-இல்தான். "என் பொண்ணு டாக்டர்" என்ற சொல்லுக்கு வீடுகளில் வேர்விட ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைத்தது.

பிளஸ் டூ படிக்கிறேன். இரண்டு பாதைகளிலும் எந்த வயதில் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்ல முடியுமா? எங்கே சறுக்கும்?
– மாணவர், தருமபுரி

மருத்துவம்: நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம், தப்பான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, தம்பி. ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிச் சான்றுகளை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி வாரத்தில் அலைவதுதான் வழக்கமான தவறு. படிப்பு நாலரை ஆண்டு, பிறகு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். ஆக 23, 24 வயதில் மருத்துவக் கவுன்சிலில் பதிவு.

சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. "வெறும் எம்.பி.பி.எஸ்." என்ற சொல் இன்றைக்கு எல்லார் வாயிலும் இருக்கிறது. பி.ஜி. மூன்று ஆண்டு, அதற்கு மேல் உயர் சிறப்புப் படிப்பான டி.எம். அல்லது எம்.சிஎச். இன்னும் மூன்று ஆண்டு. நடுவில் நுழைவுத் தேர்வுக்காகத் தங்கும் வருடங்களைச் சேர்த்தால் 32 ஆகிவிடும். தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்தவர் டியூட்டி டாக்டர் சம்பளத்தில் வட்டி கட்டிக்கொண்டே பி.ஜி.க்குப் படிப்பது மிகக் கஷ்டம். கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், எம்.பி.பி.எஸ். கட்டணத்தோடு நிறுத்தாமல் பி.ஜி. கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

சட்டம்: பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அரசு சட்டக் கல்லூரிகளும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கின்றன. திருச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்புக்கு கால் மதிப்பெண் போகும். முடித்ததும் தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் உள்ளது 750 ரூபாய் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 125), அதோடு முத்திரைத் தீர்வை. சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்வி, குறிப்பு இல்லாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம், 45 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 40) வேண்டும். எளிதுதான் என்று அலட்சியமாகப் போய்த் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இதன் பிறகுதான் நிஜமான படிப்பு. ஜூனியராக முதல் ஐந்து வருடம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தே மீதி வாழ்க்கை. கோர்ட்டில் வாய்தா வாங்குவதும், ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்வதும், நகல் மனுப் போடுவதும் எல்லாரும் செய்ய வேண்டியதே. ஆனால் இரண்டாம் வருட முடிவிலும் அது மட்டுமே வேலை என்றால், சீனியரை மாற்ற வேண்டும். நல்ல சீனியரை அடையாளம் காண மூன்று கேள்வி போதும்: பிராது எழுத விடுகிறாரா, எழுதியதைச் சிவப்பு மையில் திருத்தித் தருகிறாரா, ஒரு சின்ன சாட்சியையாவது நீங்களே விசாரிக்க விடுகிறாரா? அவருடைய காரும் புகழும் கணக்கே அல்ல.

பணம்: ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-இல் இந்திய பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான், பல அலுவலகங்களில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. முதல் தலைமுறை வக்கீல்கள் திறமை இல்லாமல் தொழிலை விடுவதில்லை, மூன்றாம் வருடத்தில் வாடகை கொடுக்க முடியாமல் விடுகிறார்கள். வீட்டில் மூன்று ஆண்டுக்குத் தாங்குவார்களா என்பதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நீதிபதி ஆசை இருந்தால்: சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நீதிபதியாக நேரடித் தேர்வுக்கு ஏழு ஆண்டு, உயர் நீதிமன்றத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டு.

வண்டியில் "டாக்டர்", "அட்வகேட்" ஸ்டிக்கர் ஒட்டலாமா? போர்டில் என்னென்ன எழுதலாம்?
– சேலம்

நம்பர் பிளேட்டில் பதிவு எண்ணைத் தவிர எதுவும் கூடாது, அது யாராக இருந்தாலும். 2024 மே முதல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் தொழில் ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போடத் தொடங்கியது.

போர்டில் இரண்டு தொழிலுக்கும் வேறு வேறு விதி. மருத்துவர் பெயர், பட்டம், எந்தத் துறை நிபுணர், பதிவு எண் எல்லாம் போடலாம். பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் போட்டே ஆக வேண்டும். வக்கீலின் போர்டு அளவாக இருக்க வேண்டும். "கிரிமினல் ஸ்பெஷலிஸ்ட்" என்றோ, முன்னாள் நீதிபதி என்றோ, பார் கவுன்சில் பதவியையோ போடக் கூடாது, விளம்பரமும் கூடாது. கல்யாண பேனரிலும் சுவரொட்டியிலும் கறுப்புக் கோட்டோடு நிற்கும் படங்கள் தொழிலின் மதிப்பைக் கூட்டவில்லை, குறைத்தே வருகின்றன.

பெண்ணுக்கு வக்கீல் வரன் வந்திருக்கிறது. "நல்ல பிராக்டீஸ்" என்கிறார் தரகர். டாக்டர் என்றால் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கலாம். வக்கீலை எப்படி விசாரிப்பது?
– பெண்ணின் தந்தை, நாமக்கல்

நீங்கள் நினைப்பதைவிட எளிது, ஐயா. அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். நம் பார் கவுன்சிலில் அது "எம்.எஸ்." என்று தொடங்கி, ஒரு எண், பிறகு ஆண்டு என்று இருக்கும். அந்த ஆண்டிலிருந்து தொழில் வயது தெரிந்துவிடும். பார் தேர்வு தேறித் தொழில் சான்றிதழ் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். அடுத்து, இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, வக்கீல் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடினால், அவர் ஆஜராகும் வழக்குகள் பட்டியலாக வரும். ஜூனியரின் வழக்குகள் சீனியர் பெயரிலேயே இருக்கும் என்பதால், முதல் ஐந்து வருடத்தில் பட்டியல் மெலிந்திருந்தால் சந்தேகப்படாதீர்கள். பத்து வருடம் ஆகியும் ஒன்றுமே இல்லை என்றால் கேளுங்கள். படித்த கல்லூரி எது, தினமும் போய்ப் படித்தாரா என்றும் கேளுங்கள். வகுப்பே நடக்காமல் பட்டம் தரும் வெளி மாநில "லெட்டர் பேட்" கல்லூரிகள் இருக்கின்றன.

டாக்டர் வரனானாலும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். வெளிநாட்டில் படித்தவர் என்றால் இங்கே தகுதித் தேர்வில் 300-க்கு 150 வாங்கித் தேறி, பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பட்டம் இருந்தும் அது முடியாதவர் இங்கே மருத்துவம் பார்க்க முடியாது.

வக்கீல் என்றால் வாடகைக்கு வீடு தர யோசிப்பார்கள், சில வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். இது உண்மை. கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்ணுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

தப்பு செய்தால் டாக்டர் மேல் நுகர்வோர் வழக்குப் போடலாம், வக்கீல் மேல் போட முடியாது என்கிறார்களே, இது என்ன நியாயம்?
– திருநெல்வேலி

சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை அதில் வராது. வக்கீல்களின் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று தீர்ப்பு வந்தது. கட்சிக்காரர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடப்பவர், அதே நேரம் நீதிமன்றத்துக்கும் கடமைப்பட்டவர் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தத் தீர்ப்பிலேயே 1995 தீர்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்ற கருத்தும் சொல்லப்பட்டது. இரண்டில் ஒரு தொழிலுக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்பு என்ற எண்ணம் மருத்துவர்களைப் புண்படுத்தியிருப்பது இயல்பு.

வக்கீல் மேல் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் கண்டனம், தற்காலிகத் தடை, பதிவு நீக்கம் வரை போகும். கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-த்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டைத் திருப்பிக் கேட்டு எழுத்து மூலம் கொடுங்கள், புது வக்காலத்தில் பழைய வக்கீலின் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தையும் கேட்டு வாங்குங்கள். டாக்டரிடம் என்றால், சிகிச்சைப் பதிவேடுகளை எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பல வழக்குகள் தோற்பது, இந்தக் காகிதத்தை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்காததால்தான்.

என் மகன் எம்.பி.பி.எஸ். முடித்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறான். "இன்னும் ஸ்பெஷலிஸ்ட் ஆகலையா?" என்று எல்லாரும் கேட்டுக் கேட்டு அவன் சோர்ந்துபோகிறான். டாக்டருக்குள்ளேயே இத்தனை சாதியா?
– ஒரு தாய், மயிலாடுதுறை

இருக்கிறது, அம்மா, உலகமெங்கும் இருக்கிறது. நார்வேயில் மருத்துவர்களையே கேட்டு எந்த நோய்க்கு வைத்தியம் பார்ப்பது கௌரவம் என்று வரிசைப்படுத்தினார்கள். மாரடைப்பும் மூளைக் கட்டியும் ரத்தப் புற்றும் மேலே வந்தன. உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும் பதற்ற நோயும் அடியில் நின்றன. திடீரென வருவது, ஓர் உறுப்பில் இருப்பது, கருவியால் சரிசெய்யக்கூடியது மேலே. நீண்டு கிடப்பது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியது கீழே. நோயாளியின் தேவைக்கும் இந்த வரிசைக்கும் தொடர்பே இல்லை.

வக்கீல்களிடமும் இதே கதைதான். சிகாகோ வக்கீல்களைப் பற்றிய பெரிய ஆய்வு, கம்பெனிகளுக்கு வாதாடுபவர் மேலேயும், விவாகரத்து, வாடகைத் தகராறு பார்ப்பவர் கீழேயும் இருப்பதைக் காட்டியது. நம் ஊரிலும் அரசியல் சாசன வழக்கு பேசுபவருக்குக் கிடைக்கும் மரியாதை, விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துபவருக்குச் சக வக்கீல்களிடம் கிடைப்பதில்லை. காலை இழந்த லாரி டிரைவரின் குடும்பத்துக்கு யார் பெரியவர் என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

தொழிலுக்குள் இருப்பவர்கள் தரும் மதிப்பு வேறு, ஊர் தரும் மதிப்பு வேறு. உங்கள் மகனுக்கு முதலாவது இன்னும் கிடைக்கவில்லை, இரண்டாவது அவனைச் சுற்றியே இருக்கிறது. பாம்புக்கடியோடு வந்தவருக்கு முதல் அரை மணியில் விஷமுறிவு மருந்து போடுபவன் அவன். பி.ஜி. ஆசை இருந்தால், அரசுப் பணியில் இருப்பதே ஒரு பலம்: பணியிலிருக்கும் டாக்டர்களுக்கு மாநிலங்கள் பி.ஜி. இடங்களில் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. பணிச் சான்றுகளை ஒழுங்காகச் சேர்த்து வரட்டும். தினம் இரண்டு மணி நேரம் படிக்கிற மாதிரி இரவுப் பணியை மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் பார்க்கட்டும். கேட்கும் சொந்தக்காரர்களிடம் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள், அவனைச் சொல்ல விடாதீர்கள்.

டாக்டராகவும் வக்கீலாகவும் ஒரே நேரத்தில் தொழில் செய்யலாமா? இரண்டு மதிப்பும் ஒருவருக்கே கிடைக்குமே!
– மருத்துவ மாணவி, மதுரை

இரண்டும் படிக்கலாம், இரண்டு தொழிலும் சேர்த்துச் செய்ய முடியாது. அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் சட்டமும் முடித்துவிட்டு, மருத்துவத்தை விடாமலே வக்கீலாகப் பதிவு கேட்டார். பார் கவுன்சில் மறுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது, வக்கீல் தொழில் முழு நேர ஈடுபாட்டைக் கேட்பது என்று. சட்டம் படித்த டாக்டருக்கு மருத்துவ அலட்சிய வழக்குகளில் கருத்துச் சொல்வது, தடயவியல் மருத்துவத் துறை, மருத்துவமனையின் சட்டப் பிரிவு, மருந்து நிறுவனங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. கோட்டு மாட்டி வாதாட வேண்டும் என்றால் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.